மதியழகன் பார்க்காத இரண்டு புள்ளிகள்

நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரி டயர் கடை வைத்திருக்கும் மதியழகன் தன் மனைவியைப் பார்த்துப் பொறாமைப்பட ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது. அதற்கு முன்பு கால் நூற்றாண்டுக்கு மேல் ஒன்றாகக் குடும்பம் நடத்தியிருந்தார்கள். அதுவரை அவள்மேல் கோபப்பட்டிருக்கிறார், சலித்துக்கொண்டிருக்கிறார், ஒருமுறை மூன்று நாள் பேசாமலும் இருந்திருக்கிறார். ஆனால் பொறாமை அவருக்குப் புதிது. அது என்னவென்று தெரிந்துகொள்ளவே அவருக்குச் சில வாரங்கள் ஆயின.

மதியழகன் பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய்களைச் சேர்ப்பவர். அந்தப் பழக்கத்துக்கும் அவர் கல்யாணத்துக்கும் ஒரே வயது. கல்யாணப் பெண்ணுக்குக் கொலுசு வாங்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனவர், ராசப்பன் என்பவரின் கொலுசுப் பட்டறையில் உருக்குவதற்காகக் குவித்து வைத்திருந்த பழைய ரூபாய்களைப் பார்த்தார். விக்டோரியா ராணியின் தலை, ஏழாம் எட்வர்டின் வழுக்கை, ஐந்தாம் ஜார்ஜின் தாடி. எல்லாம் கொஞ்ச நேரத்தில் வெள்ளி உருக்கும் மண்குகைக்குள் போய்க் கொலுசாக வரப்போகின்றன. அவருக்கு மனசு கேட்கவில்லை. கொலுசுக்கென்று கொண்டுபோன பணத்தில் ஒரு பகுதியை அந்தக் குவியலுக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணத்தன்று அறிவுச்செல்வியின் காலில் ஏறிய கொலுசு மெல்லியதாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றிலிருந்து, கடைக்குச் சரக்கு எடுக்கச் சேலம் போகிற நாளெல்லாம் ராசப்பன் பட்டறையில் ஒரு எட்டு நின்றுவிட்டுத்தான் திரும்புவார். வெறுமனே சேர்ப்பவராக இருந்தவர் போகப்போகக் காசைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். ஒரே வருடத்து ரூபாய் பத்து இருந்தால் பத்தும் ஒன்றல்ல. அச்சு தேயும், வேறு அச்சு வெட்டுவார்கள், வெட்டுகிற கை மாறும். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் யானையைப் பொறித்தார்கள். அது பார்ப்பவர்கள் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்து ஊரெல்லாம் கலவரமாகி, அடுத்த வருடமே யானையைத் திருத்தி வரைந்தார்கள். இந்தக் கதையை மதியழகன் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்வார். கேட்கிறவர் பாயசத்துக்குப் போய்விட்டாலும் பக்கத்து இலைக்காரரிடம் மீதியைச் சொல்லி முடிப்பார்.

சேலம் அஸ்தம்பட்டியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிப்பட்டவர்கள் கூடுவார்கள். ஒரு டியூஷன் சென்டரின் மாடிதான் இடம். அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் அன்பழகன். அதே தெருவில் ஸ்கேன் சென்டர் நடத்துபவர். அங்கே மதியழகனுக்கு 'நாமக்கல் வெள்ளி' என்று பெயர். வெள்ளி ரூபாயில் சந்தேகம் வந்தால் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே அவர் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போவார்.

அறிவுச்செல்வி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலையும் செய்வாள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வட்ட விளக்கோடு கூடிய பெரிய லென்ஸுக்குக் கீழே, ஊசியால் பூவும் கொடியும் போடுகிற வேலை. கணவர் காசு பார்ப்பது அவளுக்கு ஆண்களுக்குரிய ஒரு பொழுதுபோக்கு, சீட்டாட்டத்தைவிடச் செலவு குறைந்தது, அவ்வளவுதான்.

மகள் இனியாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போனபின் அவளுக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமானது. மதியழகனின் ஆல்பங்களில் பிளாஸ்டிக் உறைகள் பழையதாகிக் காசுகளில் பச்சை ஏறிக்கொண்டிருந்தது. புது உறைகளுக்கு மாற்ற வேண்டும். கடையில் ஆள் இல்லை, அவருக்கு ஒழியவில்லை. "நீ மாத்திப்போடு. ஓரத்தைப் புடிச்சு எடு, மேல கை படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் சாப்பிட வந்தபோது அவள் தட்டை வைத்துவிட்டுச் சோற்றுக்குப் பதில் ஒரு காசைக் கொண்டுவந்தாள்.

"ஏனுங்க, சித்த இதெப் பாருங்க. சோறு அப்பறம் திங்கலாம்."

"என்ன, கீழ போட்டுட்டயா?"

"கீழ எல்லாம் போடலீங்க. இந்த ஏழு காசும் ஒண்ணுன்னு ஒரே பக்கத்துல வெச்சிருக்கறீங்க. ஆறுதான் ஒண்ணு. இது வேறங்க."

அவர் சிரித்தார். அது 1862 ரூபாய். அந்த வருடத்து ரூபாயைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது. 1862 என்று வருடத்தை மாற்றாமலே பத்து வருடத்துக்கும் மேல் அடித்தார்கள். எந்த அச்சு எது என்று தெரிவதற்காகவோ என்னவோ வருடத்துக்குக் கீழே கடுகிலும் சிறிய புள்ளிகளை வைத்தார்கள். சேகரிப்பவர்கள் அந்தப் புள்ளிகளைத்தான் தேடுவார்கள்.

"அந்த ஏழுலயும் புள்ளி கெடையாது. நான் ஒவ்வொண்ணாப் பாத்து வெச்சது."

"கீழ இல்லீங்க. மேல பாருங்க, அந்தப் பூவுக்கு அடியில. மத்த ஆறுலயும் அந்த எடம் வெறுசாக் கெடக்குது. இதுல ரெண்டு முடிச்சு அதிகமா உழுந்தாப்பல இருக்குது."

மதியழகன் எழுந்து போய் லென்ஸை எடுத்துவந்தார். பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மேலே இருந்த பூவின் அடியில், வரைந்த கொடிகளுக்கு நடுவில், இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கீழே எதுவும் இல்லை. மேல்புள்ளி வைத்த 1862-ஐ அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். அது எப்போதாவது ராசப்பன் குவியலில் அகப்படாதா என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறார். அது பத்துப் பன்னிரண்டு வருடமாக அவர் பீரோவிலேயே இருந்திருக்கிறது.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். அதில் சந்தேகமில்லை. "அடி சாமி!" என்று கத்தினார். அதன்பின் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தாள், பள்ளிக்கூடத்தில் சரியான பதில் சொல்லிவிட்ட பிள்ளையைப் போல. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் சந்தோஷத்தில் ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. சாப்பிட்டார். என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டார். 'என் சேகரிப்பிலிருந்து, மேல்புள்ளி இரண்டு' என்று மட்டும் எழுதினார். பொய் ஒன்றும் இல்லை. வரிசையாகக் கைதட்டல் படங்கள் வந்து விழுந்தன. அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அன்பழகன் போன் செய்தார். அறிவுச்செல்வி எடுத்தாள்.

"எப்படிங்க கண்ணுல பட்டுச்சாம் சாருக்கு?" என்று அன்பழகன் கேட்க, அவள் வெகுளியாகச் சொன்னாள்: "அவருக்கு இல்லீங்க, எனக்குத்தான். உறை மாத்தறப்பப் பாத்தனுங்க. பூவேலை ஒண்ணுல மட்டும் மாறி இருந்துச்சு."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் அன்பழகன் குழுவில் எழுதிவிட்டிருந்தார்: 'கண்டுபிடித்தவர் நம் மதி சாரின் துணைவியார் திருமதி அறிவுச்செல்வி. வாழ்த்துகள்!' அதன்பின் வந்த கைதட்டல்கள் முன்னால் வந்ததைவிட அதிகம். மதியழகன் அவற்றை இரண்டு தரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்துக்கு அவளையும் அழைத்துவரச் சொன்னார் அன்பழகன். அவள் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் அவளை முன்னால் கொண்டுபோய்விட்டார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் 1862-களை அவள் முன்னால் வைத்தார்கள். அவள் லென்ஸ் கேட்டாள். நாலு பேர் நீட்டினார்கள். அவள் பேசியதெல்லாம் தையல்காரி பேச்சு. "இது நூல் இழுத்தாப்பல இருக்குதுங்க", "இந்த எலை மத்ததுக்கு ஜோடி இல்லீங்க" என்பாள். அதையே அவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். மதியழகன் 'அச்சு மாறியிருக்கு' என்று இருபது வருடமாகச் சொன்னபோது யாரும் இப்படித் தலையாட்டியதாக அவருக்கு நினைவில்லை. யாரோ, "மதி சார், அந்த டீ கிளாஸை மேடத்துக்கு இப்படிக் குடுங்க" என்றார்கள். கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபின் அவர் அவளைச் சோதிக்க ஆரம்பித்தார். வேண்டுமென்றே இரண்டு ஒரே மாதிரிக் காசுகளை நீட்டி, "இதுல எது வேற சொல்லு" என்பார். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்பாள். சில நேரம் அவள் தவறாகவும் சொன்னாள். அன்றைக்கெல்லாம் அவருக்கு நல்ல பசி எடுக்கும். ஆனால் தவறுகள் குறைந்துகொண்டே வந்தன. சங்கத்துக்காரர்கள் இப்போது அவள் நம்பருக்கே படம் அனுப்பினார்கள். அவருக்கு வந்த அழைப்புகளும், "சார், மேடம் பக்கத்துல இருக்காங்களா?" என்று ஆரம்பித்தன.

ஒருநாள் லென்ஸைக் கடைக்கு எடுத்துப்போய்விட்டார். அவள் தன் ஆரி விளக்கின் லென்ஸில் பார்த்துக்கொண்டாள். பிறகு பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். "ஈரக்காத்து படக்கூடாது, அதான்" என்றார். வெளியே ஏப்ரல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கேட்காமல் போனது அவருக்கு இன்னும் எரிந்தது.

இரவில் படுத்தபடி அவர் நினைத்துப்பார்த்தது இதுதான்: வேறு எவனாவது பார்த்திருந்தால்? சேலத்துக்காரன் ஒருவன், ஈரோட்டுக்காரன் ஒருவன் பார்த்திருந்தால் ஒரு வாரம் வயிறு எரிந்து அடங்கியிருக்கும். இவள் காலையில் காப்பி கொண்டுவருகிறாள். எதிரே உட்கார்ந்து நூல் கோக்கிறாள். எரிச்சலுக்கு ஓய்வே இல்லை.

இந்த நிலைமையில்தான் ஈரோட்டில் ஒரு மண்டபத்தில் காசுக் கண்காட்சி வந்தது. மதியழகன் தனியாகப் போனார். வெளி மாநில வியாபாரி ஒருவன் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். ஆறாம் ஜார்ஜ், 1939.

அந்த வருடத்து வெள்ளி ரூபாய் எங்கேயும் அகப்படாது. அடித்ததில் பெரும்பகுதி வெளியே வராமலே உருகிப்போனது என்பார்கள். சேலம் சங்கத்தில் ஒருவரிடமும் இல்லை. அதை மேசையில் வைத்ததும் அந்த மாடி முழுக்க எழுந்து நிற்பதை மதியழகன் அப்போதே பார்த்துவிட்டார்.

வியாபாரி அவசரப்படவில்லை. பணம் பாதி, மாற்றுக்காசு பாதி என்றான். மதியழகன் கொண்டுபோயிருந்த பெட்டியை அவனே துழாவி, நாலைந்து காசுகளை ஒதுக்கினான். அதில் ஒன்று மேல்புள்ளி 1862.

"அது வேண்டாம், வேற எடுத்துக்குங்க" என்று சொல்ல மதியழகன் வாயைத் திறந்தார். சொல்லவில்லை. நல்ல காசுக்காக நல்ல காசைக் கொடுப்பது எல்லாச் சேகரிப்பாளர்களும் செய்வதுதான் என்று தனக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த 1862-ஐ மேசைமேல் அவன் பக்கம் தள்ளியபோது நெஞ்சு லேசானதை அவரால் மறுக்க முடியவில்லை. வெகுநாள் தங்கிவிட்ட விருந்தாளி ஒருவழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினதைப் போல இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவரே சொன்னார்.

"மேல்புள்ளியக் குடுத்துட்டேன். அதெவிடப் பெருசு ஒண்ணு வாங்கியாந்திருக்கறேன்."

அறிவுச்செல்வியின் ஊசி துணியிலேயே நின்றது.

"கேட்டிருக்கலாமுங்க."

"என்ற காசு. யாரெக் கேக்கோணும்?"

"உங்க காசுதானுங்க," என்றாள். ஊசியை ஓரமாகக் குத்தி வைத்துவிட்டு, "பாத்தது நானுங்க" என்றாள்.

அவர் 1939-ஐ அவள் விளக்கின் கீழ் வைத்தார். அவள் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ஒருமுறை திருப்பி, மறுபடி வருடம் இருக்கும் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு ஓரத்தைப் பிடித்து எடுத்து அவர் கையிலேயே வைத்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு வார்த்தை இல்லை.

மதியழகனுக்கு அது போதும். அவளுக்கு வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினார். பல மாதங்களுக்குப் பின் அன்று ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார்.

கூட்டத்தன்று மகள் வாங்கிக்கொடுத்திருந்த சின்னக் காரில் இருவரும் சேலம் போனார்கள். வழி நெடுக அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அஸ்தம்பட்டியில் வண்டியை நிறுத்தி அவர் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"ஏனுங்க, அதெ இன்னிக்குக் காட்ட வேண்டாமுங்க."

"ஏன்?"

"அந்த வருசத்துல ரெண்டு ஒம்பது வருதுங்கள்ல. முன்னாடி ஒண்ணு, கடைசில ஒண்ணு. ரெண்டும் ஒண்ணாட்டம் இல்லீங்க. கடைசி ஒம்பதைச் சுத்திச் சொரண்டுனாப்பல பள்ளமா இருக்குது. அது முதல்ல எட்டா இருந்திருக்கும்னு நெனைக்கறனுங்க."

மதியழகன் சீப்பைச் சட்டைப்பையில் வைத்தார். "எனக்குத் தெரியும்டி. அன்னிக்கே தெரியும். உனக்கு வயித்தெரிச்சல். நாலு பேர் என்னெப் பாத்து எந்திரிச்சு நின்னா உன்னால தாங்க முடியாது."

அவள் முகம் சிவந்துபோனது. "போங்க, காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் படியேறினாள்.

காட்டினார். நீல வெல்வெட் துணியை விரித்து அதன் நடுவில் வைத்தார். அவர் நினைத்தபடியே எல்லோரும் எழுந்து நின்றார்கள். "முப்பத்தொம்பதா!" என்று யாரோ மூச்சை இழுத்தார்கள். பின்னாலிருந்தவர்கள் பெஞ்சின்மேல் ஏறினார்கள். கொஞ்ச நேரம்தான் என்றாலும் அந்த மாடி முழுக்க அவருடையதாக இருந்தது.

அன்பழகன் கழுத்துக் கயிற்றில் தொங்கும் லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். நிமிரவில்லை. மறுபடி காசைத் திருப்பினார். மாடியில் பேச்சு மெல்ல அடங்கியது. பிறகு அவர் செய்ததுதான் மதியழகனால் இன்றும் மறக்க முடியாதது. மதியழகனிடம் எதுவும் கேட்காமல் தலையைத் திருப்பி, "ஏம்மா, நீங்க இதைப் பாத்தீங்களா? என்ன நினைக்கிறீங்க?" என்று அறிவுச்செல்வியைக் கேட்டார்.

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அவள் இப்போது சொல்வாள். சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும் என்று நினைத்தார் மதியழகன்.

அவள் எழுந்து வந்தாள். அன்பழகனிடமிருந்து லென்ஸை வாங்கினாள். காசைப் பார்க்கவில்லை. லென்ஸைக் கணவர் பக்கம் நீட்டினாள்.

"வெள்ளியில அவரெ மிஞ்சி நான் என்னத்தச் சொல்றதுங்க. அவரே பாத்துச் சொல்லட்டும்."

அவருக்குக் குனிவதைத் தவிர வேறு வழியில்லை. வாங்கிய நாளிலிருந்து அவர் அந்தக் காசை நூறு முறை பார்த்திருப்பார், ஆனால் அந்த இரண்டு ஒன்பதையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். முன்னால் இருந்த ஒன்பது தடித்து, வால் உருண்டு, காசின் தரையிலிருந்து எழும்பி நின்றது. கடைசி ஒன்பதின் வால் ஒல்லியாக, ஓரத்தில் பிசிறு தட்டியிருந்தது. அதைச் சுற்றித் தரை சற்றே இறங்கியிருந்தது. எட்டின் கீழ்வயிற்றை ஒரு பக்கம் சுரண்டி எடுத்தால் ஒன்பதாகிவிடும். ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"முப்பத்தெட்டுங்க," என்றார். லென்ஸை அன்பழகனிடம் திருப்பிக் கொடுத்தார். "முப்பத்தெட்டைச் சொரண்டியிருக்கறானுங்க. நாந்தான் ஏமாந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தனக்கும் இப்படி நடந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அன்பழகன் முதுகில் தட்டிக் கொடுத்தார். சிரித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது மதியழகனுக்கு.

திரும்பும்போது ராசிபுரம் பக்கத்து ஆண்டகளூர் கேட்டில் வண்டியை ஓரம் கட்டி டீ சொன்னார். கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வாங்கியாந்த அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

"அன்னிக்கே சொல்லியிருந்தா அவனெப் புடிச்சிருக்கலாமல்ல?"

"அன்னிக்கு எனக்கும் கோவமுங்க. நான் பாத்த காசைக் குடுத்துப்போட்டு வந்து நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கறீங்க. கெடக்கட்டும், ஏமாந்ததா இருக்கட்டும்னு உட்டுட்டேன்." அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். "காத்தால இருந்து மனசு கேக்கல. அதான் சொன்னேன். நீங்க வயித்தெரிச்சல்னீங்க."

"சாமி, உனக்கு இல்ல அது," என்றார் மதியழகன். "எனக்குத்தான்."

அது தெரிந்ததுதானே என்பதுபோல் அவள் காலி கிளாஸை வாங்கிக்கொண்டு போய்க் கடையில் வைத்துவிட்டு வந்தாள்.

வியாபாரியின் போன் அணைந்தே கிடந்தது. ஈரோட்டில் விசாரித்தார், அவனை யாருக்கும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து ஓசூரிலிருந்து இனியா ஒரு படம் அனுப்பினாள். வடக்கே ஏதோ நகரத்தில் நடந்த இணைய ஏலம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு 1862 ரூபாய், பூவின் அடியில் இரண்டு புள்ளிகள். அருகே இருந்த மறுபக்கப் படத்தில், ராணியின் கன்னத்தில் இருந்த மெல்லிய கீறலை வைத்து இருவருக்கும் உடனே தெரிந்துவிட்டது. ஒரே போனை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

"நம்ம காசுதானுங்க," என்றாள் அவள்.

'நம்ம' என்ற வார்த்தையை மதியழகன் கவனித்தார். மறுநாள் பீரோச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார்.

ஆனால் அவள் திரும்பவும் அவருடைய வெள்ளி ரூபாய்களைத் தொடவில்லை. ஜேடர்பாளையத்தில் அவளுடைய அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தபோது அணையில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். காவிரியில் வற்றிய இடங்களில் சிலர் மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் யார் யாரோ எந்தக் காலத்திலோ வேண்டிக்கொண்டு போட்ட செப்புக்காசுகள் பச்சை பிடித்துப்போய்ச் சல்லடையில் வந்தன. காலணா, அரைக்காலணா, தம்பிடி, நடுவில் ஓட்டை போட்ட காலணா. தன் தையல் காசில் ஒரு பை நிறைய வாங்கிவந்தாள்.

"செம்பா?" என்றார் மதியழகன் இளக்காரமாக. "செம்பெல்லாம் ஒரு சேகரிப்பா?"

"எனக்குப் போதுமுங்க. ஆராச்சும் கேட்டா, இதெல்லாம் என்றதுன்னு சொல்லலாமல்ல."

அவள் காசுகளை நல்லெண்ணெயில் ஊறப்போட்டு, மெல்ல மெல்ல மண்ணை எடுத்து, ஆரி விளக்கில் பார்த்தாள். ஆறே மாதத்தில் செப்புக்காசில் சந்தேகம் என்றால் சேலத்துக்காரர்கள் அவளைத்தான் கேட்டார்கள். வெள்ளி என்றால் இன்னமும் அவரைக் கேட்டார்கள். அப்படித்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் சங்கம் சேலத்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் கண்காட்சி வைத்தது. அவருக்கு ஒரு மேசை, அவளுக்கு ஒரு மேசை, அடுத்தடுத்து. அவர் மேசையில் வெள்ளி பளபளத்தது. பிள்ளைகளோ அவள் மேசையில்தான் மொய்த்தார்கள். ஓட்டைக் காலணா வழியாகப் பார்க்கலாம் அல்லவா! ஒவ்வொரு பிள்ளையையும் கண்ணில் வைத்துப் பார்க்கவிட்டாள். தன் மேசைமுன் நின்றவர்களைவிட அங்கே எத்தனை பேர் அதிகம் என்று மதியழகன் அடிக்கடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பன்றி ரூபாய்க் கதையைச் சற்று உரக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்று பேர் வந்தார்கள்.

ஒரு காலேஜ் வாத்தியார் வந்து அவர் மேசையில் இருந்த 1862 ஒன்றைக் காட்டி, "இதுல மேலயும் புள்ளி வருமாமே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். மதியழகனுக்குப் பதில் தெரியும். இப்போது யாரைவிடவும் நன்றாகத் தெரியும். சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"பக்கத்து மேசையில கேளுங்க," என்றார். "அதெ மொதல்ல பாத்தவங்க அவங்கதான். என்ற ஊட்டுக்காரி."

வேப்பெண்ணெய் விழுங்கியதைப் போலத்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டதால் உள்ளே எரிந்தது அணைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. வாத்தியார் அங்கே போய் நெடுநேரம் பேசிக்கொண்டு நின்றதும், போகும்போது அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

இப்போதும் அப்படித்தான் இருக்கிறார்கள். போன வாரம் அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க, வாங்க, வாங்க. இந்தக் காலணாவுல வருசத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்குது பாருங்க. எந்தப் பொஸ்தகத்துலயும் இல்ல."

மதியழகன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். விளக்கின் கீழே குனிவதற்கு முன்னால், அது ஒன்றும் இல்லாததாக இருக்கவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேண்டிக்கொண்டார். பார்த்தார். பல்குத்தும் குச்சி ஒன்றை எண்ணெயில் தொட்டு அந்தப் புள்ளியை மெல்லத் தள்ளினார். புள்ளி பெயர்ந்து குச்சியோடு வந்துவிட்டது.

"மண்ணு," என்றார்.

"அட, ஆமாங்க," என்றாள் அவள் ஏமாற்றத்தோடு.

அன்று கடையில் அவர் யாரோடும் சண்டை போடவில்லை. பழைய டயருக்குக் கூடுதல் விலை கேட்ட டிரைவரிடம்கூடச் சிரித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவளுக்குப் பிடித்த முறுக்கும் இரண்டு முழம் மல்லிகையும் வாங்கிவந்தார். அறிவுச்செல்வி பூவை வாங்கிக்கொண்டு அவர் முகத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் தப்பாச் சொன்னா இவ்வளவு சந்தோசமுங்களா உங்களுக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். தலையில் பூவை வைத்துக்கொண்டு, விளக்கைப் போட்டு, பையிலிருந்து அடுத்த காசை எடுத்தாள். மதியழகன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை அவளுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று.